நடுவில் ஒரு ஆள் வேண்டும்!

பத்துப் பேர் சேர்ந்து ஒரு வேலையைச் செய்வது எளிது. பத்துக் குழுக்கள் சேர்ந்து செய்வதுதான் கடினம்!

ஒவ்வொரு குழுவும் தன் வேலையை நன்றாகவே செய்யும். ஆனாலும் வேலை கெட்டுப்போகும். காரணம் என்ன? ஒரு குழுவின் வேலை முடியும் இடத்தில் அடுத்த குழுவின் வேலை தொடங்குகிறது. அந்த இடத்தைக் கவனிக்க ஆள் இருப்பது இல்லை.

இதைத் தெரிந்துகொள்ளத் தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கைப் பார்த்தாலே போதும்.

பல கை மாறும் தண்ணீர்

மேற்கே ஓடும் பெரியாற்றின் குறுக்கே பென்னி குயிக் என்ற வெள்ளைக்கார என்ஜினீயர் அணை கட்டினார். 1895-ம் ஆண்டு அணை திறக்கப்பட்டது. மலையைக் குடைந்து, தண்ணீரைக் கிழக்கே திருப்பினார்கள்.

அணை இருப்பது கேரள மாநிலத்தில். அதைக் கவனிப்பது தமிழ்நாட்டு நீர்வளத் துறை. மலையில் இருந்து பெரிய இரும்புக் குழாய்கள் வழியாகத் தண்ணீர் லோயர் கேம்புக்கு இறங்குகிறது. அங்கே மின்சார எந்திரங்களைச் சுற்றுகிறது. அது மின்வாரியத்தின் பொறுப்பு. பிறகு ஆற்றில் சேர்ந்து, வாய்க்கால்களில் பிரிகிறது. கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி என்று பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் நிலம் இருபோக நெல் சாகுபடிக்கு இந்தத் தண்ணீரை நம்பி இருக்கிறது.

தண்ணீர் ஒன்றுதான். அது எத்தனை கை மாறுகிறது, பாருங்கள்!

யார் குற்றம்?

அணையில் போதிய தண்ணீர் இருந்தால், முதல் போகத்துக்கு ஜூன் மாதம் திறப்பது வழக்கம். அதற்குள் விதை வந்து சேர வேண்டும். உழவுக்கு டிராக்டர் வேண்டும். நடவுக்கு ஆட்கள் வேண்டும். இதில் ஒன்று பிந்தினாலும் நாற்று முற்றிவிடும். முற்றிய நாற்றை நட்டால் தூர் சரியாகக் கட்டாது. விளைச்சல் குறையும்.

அறுவடையும் இப்படித்தான். கீழ் வயலில் அறுவடை எந்திரம் இறங்கும் நாளில், மேல் வயல்காரர் தண்ணீரைத் திறந்துவிட்டால் எந்திரம் சேற்றில் சிக்கும். நெல்லை அறுத்த பிறகும் கொள்முதல் நிலையம் திறக்காவிட்டால், நெல் களத்திலே கிடந்து மழையில் நனையும். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் நெல்லை வாங்கத் தயங்குவார்கள்.

இதில் யாரும் சோம்பேறி அல்ல. யாரும் கெட்டவரும் அல்ல. ஆனால் நஷ்டம் மட்டும் விவசாயிக்கு!

நம் பெரியவர்கள் கண்ட வழி

இந்தச் சங்கடம் நம் முன்னோருக்கும் தெரியும். அதனால்தான் ஏரி, கண்மாய்ப் பாசனம் உள்ள ஊர்களில் நீர்க்கட்டி என்று ஒருவரை வைத்தார்கள். மடையைத் திறப்பதும் அடைப்பதும் அவர் வேலை. வாய்க்காலின் தலையில் இருந்து கடைசி வரை நடந்து பார்ப்பார். எந்த வயல் காய்கிறது, இன்று யார் முறை என்பது அவருக்குத் தெரியும். கூலியாக ஊரே நெல் அளந்தது. ஆகவே அவர் ஒருவருடைய ஆள் அல்ல, எல்லோருடைய ஆள்!

கம்ப்யூட்டர் கம்பெனியிலும் இதே கதை

இன்று சென்னையிலும் பெங்களூரிலும் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பிள்ளைகளைக் கேளுங்கள். 'அஜைல்' என்று ஒரு முறையைச் சொல்வார்கள். 2001-ம் ஆண்டு அமெரிக்காவில் 17 பேர் கூடி, அதன் கொள்கைகளை எழுதினார்கள். பெரிய வேலையைச் சிறு துண்டுகளாக்க வேண்டும். சிறு குழுவாகச் செய்ய வேண்டும். சில வாரங்களுக்கு ஒரு முறை செய்ததைக் காட்ட வேண்டும். தினமும் கால் மணி நேரம் கூடிப் பேச வேண்டும்.

ஒரு குழுவுக்கு இது போதும். குழுக்கள் பெருகினால்? ரெயில் டிக்கெட் பதிவு செய்யும் பகுதியை ஒரு குழு முடித்திருக்கும். பணம் வாங்கும் பகுதியை இன்னொரு குழு மாற்றியிருக்கும். இரண்டும் பொருந்தாது!

அதனால் ஒவ்வொரு குழுவில் இருந்தும் ஒருவர் வந்து, தனியாகக் கூடுகிறார்கள். 'நாங்கள் எதை முடித்தோம்? இனி நாங்கள் செய்யப் போவதில் உங்களைப் பாதிப்பது எது? உங்களிடம் எங்களுக்கு என்ன வேண்டும்?' இந்த மூன்றையும் பேசிவிட்டுக் கலைகிறார்கள். நீர்க்கட்டி செய்த வேலையும் இதுதானே!

என்ன செய்யலாம்?

தண்ணீர் திறக்கும் நாளில் எல்லோரும் கூடி மலர் தூவுகிறோம். நல்லது. ஆனால் அந்த ஒரு நாள் போதாது. மாதந்தோறும் கலெக்டர் தலைமையில் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது. அதுவும் வேண்டியதே. ஆனால் அங்கே பேசுவது வந்துவிட்ட குறையை. குறை வருமுன் பேச ஓர் இடம் வேண்டும்.

சாகுபடிக் காலத்தில் வாரம் ஒரு முறை, வாய்க்கால் கரையிலேயே கூடலாம். நீர்வளத் துறை, மின்வாரியம், வேளாண்மைத் துறை, விவசாயிகள் சங்கம், எந்திரக்காரர்கள், கொள்முதல் நிலையம்—தலைக்கு ஒருவர் வந்தால் போதும். வருபவர் களம் தெரிந்தவராக இருக்க வேண்டும். மாலை வேண்டாம். மேடை வேண்டாம். அந்த மூன்று கேள்விகள் போதும். முடிவைப் பஞ்சாயத்து அலுவலகப் பலகையில் எழுதிவிட்டால், ஊரே படித்துக்கொள்ளும்.

'அதிகாரிகளுக்கு ஆயிரம் வேலை, நேரம் எங்கே?' என்று சிலர் கேட்கலாம். அரை மணி நேரப் பேச்சு அது. நெல் நனைந்த பிறகு நடக்கும் மறியலுக்கும் விசாரணைக்கும் எத்தனை நாள் செலவாகும் என்று அவர்களே கணக்குப் பார்க்கட்டும்.

பள்ளத்தாக்கு முழுவதும் ஒரே நாளில் தொடங்க வேண்டியது இல்லை. அடுத்த போகத்தில் ஒரே ஒரு வாய்க்காலில் தொடங்கட்டும். கடைமடை வயலுக்குத் தண்ணீர் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால், மற்ற வாய்க்கால்காரர்கள் தாமாகவே கேட்டு வருவார்கள்!