தலையிடியும் நாலு மணித்தியாலக் குளிசையும்

மல்வேர்னில் எங்கள் சனங்களுக்குப் பிறசர் தெரியும், சீனி தெரியும். மூளை வருத்தம் என்றால் மட்டும் எல்லாவற்றையும் ‘அடைப்பு’ என்று முடித்துவிடுவோம். அடைப்பு வேறு, கசிவு வேறு. இம்முறை கசிவைப் பற்றி எழுதுகிறோம். நாம் படித்தது சாதாரண தரம் வரைதான், விளங்கினதைச் சொல்கிறோம்.

தொழிற்சாலையில் ஹைட்ரோலிக் ஹோஸ் பழுதானால் நைந்த இடம் முதலில் குமிழாக ஊதும், பிறகு வெடிக்கும். மூளையின் நாடியிலும் அப்படி ஒரு குமிழ் ஊதி வெடிப்பதுண்டு. சிகரெட்டும் பிறசரும் அதற்கு உடந்தை. வெடித்தால், வாழ்நாளில் கண்டிராத தலையிடி ஒரே நொடியில் வரும். சத்தி, கழுத்து விறைப்பு, வெளிச்சம் பார்க்க ஏலாமை. இரண்டு ரைலனோலைப் போட்டுக்கொண்டு நைற் ஷிப்றுக்குப் போகிற தலையிடி அல்ல இது. உடனே 911.

ஒப்பரேஷன் முடிந்து மூன்றாம் நாள் நோயாளி கதைப்பார், தேத்தண்ணி கேட்பார். கண்டம் தாண்டியாச்சு என்று வீட்டார் ஆறுதல்பட்டுவிடுவார்கள். ஆனால் ஏறக்குறைய நாலாம் நாள் தொடங்கிப் பதினாலாம் நாள் வரை இன்னொரு ஆபத்து இருக்கிறது: நாடிகள் சுருங்குவது.

நாடியின் சுவரில் தசை உண்டு. அந்தத் தசைக் கலங்களில் பொற்றாசியம் வெளியேறச் சிறு வாசல்கள் இருக்கின்றன. அவை திறந்திருந்தால் தசை தளர்ந்திருக்கும். வெளியே சிந்திய இரத்தம் சிதையும்போது அந்த வாசல்களிற் பல மூடிக்கொள்கின்றன, கல்சிய வாசல் திறக்கிறது, தசை இறுகுகிறது. போதாக்குறைக்கு, சிந்திய இரத்தத்தைத் துப்புரவாக்க வரும் வெள்ளைக் கலங்கள் அழற்சியை உண்டாக்கிச் சுவரையும் தடிக்கவைக்கின்றன. கூட்ட வந்தவர்களே குப்பை போட்ட கதைதான்.

இதற்குக் கொடுப்பது நிமோடிபின் என்ற குளிசை. கல்சிய வாசலை அடைக்கும் மருந்து அது. 1989இல் வெளியான பிரித்தானியப் பரிசோதனையில் 554 நோயாளிகள் சேர்ந்தார்கள். குளிசை எடுக்காதவர்களில் நூற்றுக்கு 33 பேரின் நிலை மோசமாக முடிந்தது. எடுத்தவர்களில் 20 பேருக்குத்தான் அப்படி. விசித்திரம் என்னவென்றால், படம் எடுத்துப் பார்த்தால் பெரிய நாடிகள் அவ்வளவாக விரிந்திருப்பதில்லை. மறுபக்கம், ரொறொன்ரோ சென்ற் மைக்கல்ஸ் மருத்துவமனையில் இருந்த லொக் மக்டொனால்ட் தலைமையில் கிளசோசென்ரன் என்ற மருந்தைச் சோதித்தார்கள். அது நாடி சுருங்குவதைக் குறைக்கும் என்று முன்னைய சோதனையில் கண்டிருந்தார்கள். ஆனால் 2011இல் வந்த முடிவின்படி நோயாளிகளின் நிலை தேறவில்லை. குழாயை விரித்தால் மட்டும் போதாது என்று தெரிந்தது. அதனால்தான் அழற்சியையும், படத்தில் தெரியாத சின்னஞ்சிறு நாடிகளையும், இந்தப் பொற்றாசிய வாசல்களையும் ஆராய்கிறார்கள்.

இனி வீட்டார் கவனத்துக்கு. வழமையாக நாலு மணித்தியாலத்துக்கு ஒருக்கால், 21 நாள் இந்தக் குளிசை. சாமத்தில் தாதி எழுப்பினால் "பாவம், படுக்கட்டும்" என்று மறிக்க வேண்டாம். முன்னதாக வீட்டுக்கு அனுப்பினால், மிச்ச நாளுக்கு என்ன செய்வது என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

இன்னொன்று. எங்கள் அம்மா, அப்பாமாரில் பலருக்குத் தமிழ்தான் வாய். சொல் குழறுகிறதா, ஆளை மாறிக் கூப்பிடுகிறாரா என்று ஆங்கிலம் மட்டும் தெரிந்த தாதிக்கு எப்படித் தெரியும்? அந்தப் பத்து நாளும் முறை வைத்து ஒருவர் பக்கத்தில் இருங்கள். பேச்சு மாறினால், கை சோர்ந்தால், வழமைக்கு மாறாகத் தூங்கி வழிந்தால், டொக்டர் வரும்வரை காத்திராமல் அந்த நிமிடமே தாதியைக் கூப்பிடுங்கள்.