32 அடிக் குழாயும் ஒரு கைப்பேசியும்

2024 டிசம்பர் 7, சனிக்கிழமை நள்ளிரவு. சிப்காட்டில் இரண்டாம் ஷிஃப்ட் முடித்து வந்த நண்பர்களோடு, கும்மிடிப்பூண்டி அறையொன்றில் ஒரே கைப்பேசியைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். பாரிஸ் நோத்ருதாம் பேராலயம் மீண்டும் திறக்கப்படும் நேரலை. 2019 ஏப்ரல் 15 தீயில் கூரை போனது. ஆலயத்தின் பைப் ஆர்கன் எரியவில்லை, ஆனால் அதன் சுமார் 8,000 குழாய்களிலும் காரீயத் தூசி படிந்துவிட்டது. அது எப்படிப்பட்ட தூசி என்று பழைய பேட்டரி உருக்கும் இந்த ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை. கழற்றி, துடைத்து, திரும்பப் பூட்டினார்கள். சுருதி சேர்க்கும் வேலை மாதக்கணக்கில் இரவுகளில் நடந்தது. கட்டட வேலையின் சத்தம் ஓய்வது அப்போதுதான். நைட் ஷிஃப்ட் பார்த்தவர்களுக்கு அந்த மௌனத்தின் அருமை தெரியும்.

பேராயர் எட்டு முறை ஆர்கனை விழிக்கச் சொல்லி அழைத்தார். நான்கு கலைஞர்கள் மாறி மாறி, நாதஸ்வரக்காரர் ஆலாபனை செய்வதுபோல அந்தக் கணத்துக் கற்பனையில் பதில் வாசித்தார்கள். கீழ் ஸ்தாயி வர வேண்டிய இடங்களில் ஃபோன் வெறுமனே இரைந்தது. அதன் குற்றமல்ல. 32 அடிக் குழாயின் அடி ஸ்வரம் விநாடிக்குப் பதினாறு அதிர்வுதான். விரலகல ஸ்பீக்கரால் அவ்வளவு காற்றைத் தள்ள முடியாது. காது பிடிப்பதற்கு முன் உள்ளங்காலும் மரப்பெஞ்சும் பிடித்துக்கொள்ளும் ஸ்வரம் அது.

அதற்காக நேரலையை நாம் குறைத்துப் பேச மாட்டோம். ஆலயத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு வாசிப்பவரின் முதுகுகூடத் தெரியாது. கேமரா அவர் கால்கள் பெடல்மேல் நடப்பதையும் குழாய் வரிசைகளைத் தேர்ந்தெடுக்கும் ஸ்டாப் குமிழ்களை இழுப்பதையும் காட்டுகிறது. கொல்லன் பட்டறைத் துருத்திபோல ஒருகாலத்தில் ஆட்கள் மிதித்துக் காற்றூட்டிய கருவி. இன்று மின்சார ப்ளோயர். குழாய்களில் பெரும்பாலானவை வெள்ளீயமும் காரீயமும் கலந்த உலோகத்தால் ஆனவை. ரசம் வைக்கும் ஈயச்சொம்பின் உறவுக்காரர்கள்!

ஆர்கனை நேரில் கேட்கப் பாரிஸ் போக வேண்டாம் என்பதுதான் நாம் சொல்ல வந்தது. எழும்பூர் புனித ஆண்ட்ரூ தேவாலயத்தில், அடித்தளமாகக் கிணறுகள் இறக்கி அவற்றின்மேல் எழுப்பி 1821இல் திறந்த அந்த வட்ட மண்டபத்தில், இங்கிலாந்தின் யார்க்ஷையரில் செய்த பைப் ஆர்கன் 1883இலிருந்து இருக்கிறது. கும்மிடிப்பூண்டி லோக்கலில் சென்ட்ரல் இறங்கினால் நடை தூரம். பாமாலை பாடி வளர்ந்து, கீபோர்டையே ஆர்கன் என்று நம்பும் நம் பிள்ளைகளை ஒருமுறை அங்கே அழைத்துப் போங்கள்.

ஞாயிற்றுக்கிழமையிலும் ஷிஃப்ட் இருப்பவர்களுக்காக, சென்னை ஆலயங்களிடம் ஒரு வேண்டுகோள். ஆர்கன் கச்சேரிகளை நேரலையாகத் தாருங்கள். ஒரு மைக்கைக் குழாய்களை விட்டுத் தள்ளி, மக்கள் உட்காரும் இடத்தில் வையுங்கள். வாசிப்பவர் கையை எடுத்ததும் இணைப்பைத் துண்டித்துவிடாதீர்கள். ஆலயம் கடைசி ஸ்வரத்தைத் தன்னிடம் வைத்திருக்கும் அந்தச் சில விநாடிகளையும் எங்களுக்கு அனுப்புங்கள்.