சாதாரண டிக்கெட்டுக்கும் கடல் தெரிய வேண்டும்

புதியது வந்தால் பழையது போகத்தானே வேண்டும் என்பார்கள். ஜப்பானின் 'ஒடொரிகோ' ரயிலைப் பற்றி வாசித்த பிறகு, அதை அவ்வளவு இலகுவாக ஒப்புக்கொள்ள என்னால் முடியவில்லை.

டோக்கியோவிலிருந்து இஸு தீபகற்பத்தின் கடற்கரை ஊர்களுக்கும் வெந்நீர் ஊற்றுகளுக்கும் போகும் கடுகதி ரயில் அது. நோபல் பரிசு பெற்ற கவபத்தா யசுனாரியின் இஸு நடனக்காரி பற்றிய கதையிலிருந்து அதன் பெயர் வந்தது. அதில் ஓடிய 185 ரகப் பெட்டிகள் 1981இல் வந்தவை. வெள்ளை நிறத்தில் மூன்று பச்சைச் சரிவுக் கோடுகள். ஆரம்பத்தில் அவற்றுக்குப் பெரிய மதிப்பில்லை. கடுகதிக்கான மேலதிகக் கட்டணம் வாங்கிவிட்டு, சாயாத இருக்கையைத் தருகிறார்கள் என்று குறை சொன்னார்கள். வேலைக்குப் போகிறவர்களையும் உல்லாசப் பயணிகளையும் ஒரே வண்டி சுமக்க வேண்டும் என்று கட்டியதால் வந்த வினை அது. இருக்கைகளைப் பிறகு மாற்றினார்கள். ஆனால் கையால் திறக்கக்கூடிய ஜன்னல் கடைசிவரை இருந்தது. நம் மாத்தறைக் கோச்சியில் ஜன்னலோரம் இருந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

2021 மார்ச்சில் அந்தப் பெட்டிகள் வழமையான சேவையிலிருந்து விலகின. நாற்பது வருடம் ஓடிய வண்டி. அதில் எனக்கு வழக்கில்லை. அதற்குப் பதிலாக வந்ததும் 2001 முதல் வேறு பாதையில் ஓடி, திருத்தப்பட்ட வண்டிதான். என் வழக்கு வேறு. அதே மாதம் ஒடொரிகோவில் முற்பதிவில்லாத இருக்கைகளையும் நிறுத்திவிட்டார்கள். காலையில் நினைத்து, குறைந்த கட்டணத்தில் ஏறிப்போகும் வழி அத்தோடு அடைபட்டது. அதற்கு முந்திய வருடம் அறிமுகமான 'சபீர் ஒடொரிகோ'வில் எல்லாமே உயர் வகுப்பு.

"இடம் நிச்சயம் என்றால் நல்லதுதானே, வயசாளிகள் நின்றுகொண்டா போவது?" என்று உம்மா கேட்டார். நியாயம்தான். ஆனால் அதற்குச் சில பெட்டிகளை ஒதுக்கினால் போதுமே. பழைய வண்டியை மாற்றுவதும் மலிவான இருக்கையை எடுத்துவிடுவதும் வெவ்வேறு தீர்மானங்கள். இரண்டையும் சேர்த்துச் செய்தால் பின்னதை யாரும் கேட்க மாட்டார்கள்.

வேறு வழியில்லை என்றும் சொல்ல முடியாது. அதே கரையில் இஸு கியூகோ என்ற சிறிய ரயில் நிறுவனம் 1985இல் 'ரிசோட் 21' என்ற வண்டியை விட்டது. கடலைப் பார்த்தபடி இருக்கைகள், பெரிய ஜன்னல்கள். அதில் ஏற சாதாரண டிக்கெட் போதும்.