பிளாட்ஃபார்ம் ஏன் ரயில் வாசல் உயரத்துக்கு இல்லை? சேலம், நாமக்கல் பயணிகளைத் தடுக்கும் 40 செ.மீ.

அம்ரித் பாரத் திட்டத்தில் சேலம் ஜங்ஷன், நாமக்கல் ரயில் நிலையங்கள் இடம்பெற்றுள்ளன. லிஃப்ட், புது முகப்பு, காத்திருப்புக் கூடம் எல்லாம் சரி. ஆனால் ரயில் வந்து நின்றதும் வயதானவர்கள் கேட்பது ஒன்றுதான்: "தம்பி, கொஞ்சம் கை கொடுங்க!" சக்கர நாற்காலியில் வருபவரை இன்றும் நான்கு பேர் சேர்ந்து தூக்கித்தான் ஏற்ற வேண்டியிருக்கிறது. ஏன் இந்த நிலை?

எவ்வளவு உயர வித்தியாசம்?

ரயில்வே விதிப்படி உயர்மட்ட பிளாட்ஃபார்ம், தண்டவாளத்திலிருந்து 76 முதல் 84 செ.மீ. வரை இருக்கும். பெட்டியின் தரையோ 125 செ.மீ.க்கு மேல். அதாவது, நல்ல பிளாட்ஃபார்மிலேயே 40 செ.மீ.க்கு மேல் ஏற வேண்டும். வீட்டுப் படிக்கணக்கில் கிட்டத்தட்ட இரண்டரைப் படி.

சிறிய நிலையங்களில் இருக்கும் நடுத்தர பிளாட்ஃபார்மின் உயரம் 45 செ.மீ. அளவுதான். அங்கே வித்தியாசம் 80 செ.மீ.! ரயில் நிற்பதும் ஓரிரு நிமிடம்தான். முழங்கால் வலிக்காரர் என்ன செய்வார்?

அப்படியே உயர்த்திவிட்டால் என்ன?

சென்னை மெட்ரோவில் அதுதானே இருக்கிறது என்று தோன்றும். அங்கே ஓடுவது ஒரே அளவுள்ள ரயில்கள் மட்டும். அதனால் பிளாட்ஃபார்மைப் பெட்டித் தரைக்குச் சமமாகவே கட்ட முடிந்தது.

சேலம் பாதை அப்படி இல்லை. எக்ஸ்பிரஸ், மெமு, சரக்கு ரயில் எல்லாம் ஒரே தண்டவாளத்தில் போகின்றன. பிளாட்ஃபார்ம் விளிம்பு, தண்டவாளத்தின் நடுக்கோட்டிலிருந்து சுமார் 167 செ.மீ. தள்ளி இருக்கிறது. பெட்டியின் பாதி அகலமே 162 செ.மீ. வரை வரும். வேகத்தில் ஆடிக்கொண்டே போகும் பெட்டியோ, அளவுக்கு மீறிய அகலத்தில் சரக்கு ஏற்றிய வேகனோ உயர்த்திய விளிம்பில் உரசும் ஆபத்து உண்டு. சக்கரம், பிரேக் பகுதிகளைப் பார்த்துச் சரிசெய்யவும் இடம் வேண்டும்.

இன்னொரு சிக்கலும் இருக்கு. பராமரிப்பின்போது ஜல்லி போட்டுத் தண்டவாளத்தை உயர்த்த உயர்த்த, பிளாட்ஃபார்ம் தானாகவே தாழ்ந்துபோகும். ஒருமுறை கட்டிவிட்டால் முடிந்தது என்று விட முடியாது.

மற்ற ஊர்களில் என்ன செய்தார்கள்?

மும்பை புறநகர் நிலையங்களில் பயணிகள் இடைவெளியில் விழுந்த விபத்துகளுக்குப் பிறகு, மும்பை உயர் நீதிமன்றம் தலையிட்டது. பிளாட்ஃபார்ம்கள் 90 செ.மீ. அளவுக்கு உயர்த்தப்பட்டன.

லண்டன் சுரங்க ரயிலின் விக்டோரியா பாதையில், பிளாட்ஃபார்மின் ஒரு பகுதியை மட்டும் காளையின் திமில் போல உயர்த்தினார்கள். எல்லா ரயிலும் ஒரே மாதிரி, கதவும் ஒரே இடத்தில் வந்து நிற்கும் என்பதால் அது பலித்தது.

நம்ம ஊர் வழியாகப் போகும் வந்தே பாரத் ரயிலில் கதவடியில் ஒரு படி வெளியே நீளும். நடப்பவருக்கு அது உதவி. சக்கரத்துக்கு அல்ல.

சட்டம் என்ன சொல்கிறது?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, ரயில் நிலையமும் ரயிலும் எல்லோரும் அணுகும்படி இருக்க வேண்டும் என்கிறது. ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், அணுகல் தரங்கள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஆக, இது சலுகை அல்ல, உரிமை.

இப்போதைக்கு எது சாத்தியம்?

முதலில், 84 செ.மீ.க்குக் குறைவான பிளாட்ஃபார்ம்களை அந்த உயரத்துக்குக் கொண்டுவரலாம். மிச்சமுள்ள 40 செ.மீ.க்கு மடக்குச் சாய்தளம் போதும். ஆனால் அது பூட்டிய அறையில் இருக்கக் கூடாது. மாற்றுத்திறனாளிகள் பெட்டி நிற்கும் இடத்தில், ரயில் வருவதற்கு முன்பே ஆளோடு தயாராக இருக்க வேண்டும்.

பயணத்துக்கு முன் நிலைய மேலாளரிடம் சக்கர நாற்காலி, சாய்தளம் கேளுங்கள். கிடைக்காவிட்டால் 139-ல் புகார் பதிவு செய்யுங்கள். புகார் பதிவானால்தான், முகப்புக்குச் செலவாகும் பணம் இந்தப் படி வரைக்கும் வந்து சேரும்.