பாட்டனார் துப்பாக்கிக்குப் புதுக் கட்டையா?

லேக் மார்க்கெட் பக்கம் வசிக்கும் நண்பரொருவர் சென்ற மாதம் நம்மை இல்லத்திற்கு அழைத்து, கட்டிலுக்கடியிலிருந்து ஒரு கித்தான் உறையை இழுத்தார். உள்ளே 12 போர் இரட்டைக் குழல் துப்பாக்கி. கரக்பூரில் ரயில்வே உத்தியோகம் பார்த்த அவர் பாட்டனார் வாங்கியது. கை பிடிக்கும் கழுத்தருகே மரம் விரிசல் கண்டிருந்தது.

“அக்ரோட்டு மரத்தில் புதுக் கட்டை போட இரண்டு மாதச் சம்பளம் ஆகுமாம். போடலாமா, சார்? பெண்ணுக்குக் கல்லூரிப் பணமும் கட்ட வேண்டும்” என்றார்.

நாம் சரக்கு ரசீதோடு பழகியவர்; துப்பாக்கியோடு அல்ல. ஆகவே டல்ஹௌசி வட்டாரத்துக் கடையொன்றில் முதிய மிஸ்திரி ஒருவரை, வெறுங்கையோடு போய் விசாரித்தோம். (இதே வட்டாரத்தில்தான் 1914 ஆகஸ்டு 26ஆம் நாள் ராடா கம்பெனிக் குமாஸ்தா ஸ்ரீஷ் சந்திர மித்ரா, சுங்கச்சாலையிலிருந்து ஏழு வண்டிகளில் ஏற்றிய சரக்கில் ஒரு வண்டியைத் திருப்பிவிட்டு, 50 மௌசர் பிஸ்டல்களையும் 46,000 தோட்டாக்களையும் புரட்சிக்காரர் கையில் சேர்த்தார். குமாஸ்தாவை எளிதாக எண்ணலாகாது!)

மரத்தைக் கடைசியில் பார்க்க வேண்டும் என்றார் மிஸ்திரி. முதலில் குழல். இரும்பையும் எஃகையும் முறுக்கி இழைத்த பழங்குழலில் அலை அலையாய்க் கோடு தெரியும். அது கரிமருந்துக் காலத்தது, இக்காலத்துப் புகையிலாத் தோட்டாவை அதில் வெடிப்பது உயிரோடு விளையாடுவது. 65 மில்லிமீட்டர் அறையில் 70 மில்லிமீட்டர்த் தோட்டாவும் கூடாது. அடுத்து, கீல் ஆடுகிறதா என்று பார்க்க வேண்டும். எண்ணெயிட்டுக் குழல் மேல்நோக்க நிறுத்திவைத்தால் எண்ணெய் இறங்கி மரத்தை நைத்துவிடும். அதில் பசை பிடிக்காது. எண்ணெய் ஊறாத சிறு விரிசலுக்குப் பசையும் ஆணியும் போதும்.

வந்து விளக்கொளியில் பார்த்தோம். குழலில் அலைக்கோடு. விரிசலோ உலர்ந்திருந்தது. வேட்டை 1972ஆம் ஆண்டுச் சட்டத்தோடு போயிற்று. வெடிக்கலாகாத துப்பாக்கிக்குப் புதுமரம் எதற்கு? பாட்டனார் கன்னம் பட்டுத் தேய்ந்த இடமும் பழைய மரத்தோடல்லவா போய்விடும்?

“லைசென்ஸ் எங்கே?” என்று அப்போதுதான் கேட்டோம். தகப்பனார் பெயரில் இருந்தது. அவர் காலமாகி ஐந்து மாதம். நண்பர் முகம் வெளுத்தது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, இத்தகைய ஆயுதத்தைத் தாமதமின்றிப் போலீஸ் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். வாரிசுக்கு லைசென்ஸ் வழங்க 2016ஆம் ஆண்டு விதிகளில் வழியுண்டு. இந்நகரில் மனு லால்பஜாருக்குச் செல்ல வேண்டும்.

தெருவில் தூக்கிச் செல்ல அஞ்சி, முதலில் நிலையத்தில் போய்ச் சொன்னோம். இருவர் வந்து எடுத்துக்கொண்டு ரசீது தந்தனர். உறையை மூடுமுன் நண்பர் அந்தத் தேய்ந்த இடத்தை ஒருமுறை தடவிக்கொண்டார். கல்லூரிப் பணம் அவ்வாரமே கட்டியாயிற்று. லைசென்ஸ் வந்தபின் பசையும் ஆணியும் மட்டும் என்று மிஸ்திரியிடம் சொல்லி வைத்திருக்கிறோம்.