டிரெய்லர் வாங்கப் போகிறீர்களா? இழுக்குமா என்பதைவிட நிற்குமா என்று பாருங்கள்!

வாசகர் கேள்வி: ஆறு ஏக்கரில் நெல்லும் மணிலாவும் பயிர் செய்கிறோம். 42 ஹெச்.பி. டிராக்டர் இருக்கிறது. வைக்கோல் ரோல், நெல் மூட்டை, சில சமயம் ரோட்டவேட்டர், பவர் டில்லர் ஏற்றிச் செல்ல ஒரு டிரெய்லர் வாங்க நினைக்கிறோம். தட்டையானது நல்லதா, டிப்பர் நல்லதா? எத்தனை அடியில் வாங்கலாம்?

– வாசகர், மயிலம்

பதில்: டிரெய்லர் என்றதும் எத்தனை அடி என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். அதற்கு முன்பு கேட்க வேண்டியது, அதில் என்ன ஏற்றப் போகிறோம் என்பது. வைக்கோலுக்கு எடை குறைவு, உயரம் அதிகம். நெல் மூட்டைக்கு உயரம் குறைவு, எடை அதிகம். ரோட்டவேட்டரின் எடை முழுவதும் ஒரே இடத்தில் இறங்கும். மூன்றுக்கும் ஒரே டிரெய்லரைப் பயன்படுத்தலாம். ஆனால், ஒவ்வொன்றுக்கும் ஏற்றும் அளவு வேறு.

தட்டையா, டிப்பரா?

தொழு உரம், ஏரி வண்டல், செம்மண் என்று கொட்டும் வேலை ஆண்டு முழுவதும் இருந்தால் டிப்பர் லாபம். வைக்கோலும் மூட்டையும் கருவிகளும்தான் முக்கியம் என்றால் ஹைட்ராலிக் செலவு வீண். 12 அடி நீளம், 6 அடி அகலத்தில் இரண்டு சக்கரத் தட்டை டிரெய்லர் போதும். மூன்று பக்கக் கதவுகளும் கீழே மடங்க வேண்டும். தேவைப்பட்டால் கழற்றவும் வர வேண்டும். அந்தக் காலத்துப் பார வண்டியில் முளைக்கம்பு செருகியதுபோல, ஓரத்தில் இரும்புக் குழாய் செருகத் துளைகள் வைக்கச் சொல்ல வேண்டும். வைக்கோல் சரியாமல் இருக்க முன்பக்கம் ஓர் ஏணிச் சட்டமும் தேவை.

நான்கு சக்கர டிரெய்லர் ஆடாமல் போகும். ஆனால், பின்னால் எடுப்பது கடினம். குறுகலான வரப்புப் பாதைக்கும் களத்துக்கும் இரண்டு சக்கரமே வசதி.

எடைக் கணக்கு

42 ஹெச்.பி. டிராக்டரின் எடை சுமார் 2 டன். வெறும் டிரெய்லர் ஏறக்குறைய 1 டன் வரும். டிராக்டர் 4 டன்னைக்கூட இழுத்துவிடும். ஆனால், நிறுத்த வேண்டிய நேரத்தில் பிரேக் டிராக்டருக்கு மட்டும்தான் இருக்கிறது. பிரேக் இல்லாத டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளும். ஏரிக்கரை இறக்கத்திலும் வளைவிலும் அந்தத் தள்ளலில் டிராக்டர் பக்கவாட்டில் திரும்பிக் கவிழ்ந்துவிடும்.

எனவே, பிரேக் இல்லாத டிரெய்லரின் மொத்த எடை, அதாவது வண்டியும் சுமையும் சேர்ந்து, டிராக்டரின் எடையைத் தாண்டாமல் இருப்பது பாதுகாப்பு. அப்படிப் பார்த்தால் சுமைக்கு மிஞ்சுவது 1 டன்தான். 75 கிலோ நெல் மூட்டை என்றால் 13 மூட்டை. 40 மூட்டை ஏற்றினால் 3 டன். விழுப்புரம், திண்டிவனம் விற்பனைக்கூடங்களுக்கு மூட்டை கொண்டு போவதுதான் முக்கிய வேலை என்றால், டிராக்டர் பிரேக்கோடு சேர்ந்து இயங்கும் பிரேக் உள்ள டிரெய்லரையே வாங்க வேண்டும். அலங்கார பெயின்டுக்கும் அகலமான பம்பருக்கும் கொடுக்கும் பணத்தை இதற்குக் கொடுக்கலாம்.

சாலையில் ஏறும் முன் டிராக்டரின் இடது, வலது பிரேக் பெடல்களை இணைக்கும் கொக்கியை மாட்ட வேண்டும். உழவின்போது கழற்றியதை மறந்து சாலையில் ஒரு பெடலை மட்டும் மிதித்தால், வண்டி நிற்காது, திரும்பிவிடும்.

வைக்கோலுக்கு உயரக் கணக்கு

சிறிய பேலர் கட்டும் ரோல் சுமார் 2 அடி விட்டம், 3 அடி நீளம் இருக்கும். ஒரு ரோல் 20 முதல் 25 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். 12க்கு 6 அடித் தளத்தில் ஓர் அடுக்குக்கு 12 ரோல் பிடிக்கும். நான்கு அடுக்கு என்றால் 48 ரோல். எடை 1 டன் முதல் 1.2 டன் வரை. எடைக் கணக்குக்கு இது ஏறக்குறைய சரி. பிரேக் இல்லாத வண்டியில் 40 ரோலோடு நிறுத்திக்கொள்ளலாம்.

உயரத்தில்தான் ஆபத்து. தளம் தரையிலிருந்து மூன்றரை அடி. நான்கு அடுக்கு சேர்ந்தால் பதினொன்றரை அடி. மேலே ஓர் ஆள் நின்றால் 17 அடியாகிவிடும். சாலையைக் குறுக்கே கடக்கும் தாழ்வழுத்த மின்கம்பி 5.8 மீட்டர், அதாவது 19 அடி உயரத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. சாலை அல்லாத இடங்களில் 4.6 மீட்டர்தான், அது 15 அடி. வயலில் கம்பி தொய்ந்திருந்தால் இன்னும் கீழே இருக்கும். வைக்கோல் மேல் ஆள் உட்கார்ந்து வருவதைக் கண்டிப்பாகத் தடுக்க வேண்டும். ரோலை அடுக்கும் இடத்திலும் தலைக்கு மேல் கம்பி இருக்கக் கூடாது. ஒரு பொறி பட்டால் சுமையோடு டிராக்டரும் எரிந்துவிடும்.

சுமை பக்கவாட்டிலோ பின்னாலோ உயரத்திலோ அனுமதித்த அளவைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால் 20,000 ரூபாய் அபராதம் என்று 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. சுமையை இறக்கும் செலவும் நம் தலையில்தான்.

கருவிகளை ஏற்றும்போது

ஒரே ஒரு ரோட்டவேட்டர் என்றால் டிராக்டரின் பின்னால் மாட்டியே கொண்டு போகலாம், டிரெய்லர் தேவையில்லை. இரண்டாவது கருவி, பவர் டில்லர் என்று வரும்போதுதான் டிரெய்லர் வேண்டும். ரோட்டவேட்டரும் பவர் டில்லரும் தலா 400 முதல் 500 கிலோ வரை இருக்கும். ஏற்றுவதற்கு உறுதியான இரண்டு சாய்வுப் பலகைகள் அவசியம்.

கருவியை அச்சுக்குச் சற்று முன்னால் வைக்க வேண்டும். முழுவதும் பின்னால் வைத்தால் கொக்கி மேலே தூக்கும். டிராக்டரின் பின் சக்கரம் பிடிப்பை இழக்கும். முழுவதும் முன்னால் வைத்தால் டிராக்டரின் முன் சக்கரம் லேசாகி ஸ்டீயரிங் கேட்காது. நான்கு மூலையிலும் சங்கிலி போட்டு இறுக்க வேண்டும். அதற்கான வளையங்களைப் பட்டறையிலேயே வெல்டிங் வைத்து வாங்க வேண்டும். பெல்ட் அறுவடை இயந்திரம் சுமார் 3 டன் எடை. அதை இந்த டிரெய்லரில் ஏற்றவே கூடாது, லாரிதான் சரி.

டிரெய்லரை எப்போதும் டிராக்டரின் கீழ்க் கொக்கியில்தான் மாட்ட வேண்டும். மேலே உள்ள இணைப்பில் மாட்டி இழுத்தால் டிராக்டர் முன்பக்கம் தூக்கி மல்லாந்துவிடும்.

பழைய டிரெய்லர் வாங்கினால்

டிரெய்லருக்குத் தனிப் பதிவு உண்டு. ஆர்.சி. இல்லாத டிரெய்லர் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். விழுப்புரம் பதிவு என்றால் டிஎன் 32, திண்டிவனம் என்றால் டிஎன் 16. ஆர்.சி.யில் உள்ள சேஸ் எண்ணும் வண்டியில் அடித்த எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டிராக்டர் இன்ஷூரன்ஸில் டிரெய்லரையும் சேர்க்க வேண்டும். விவசாயத்துக்குப் பதிவு செய்த வண்டியில் வாடகைக்குச் செங்கல், ஜல்லி ஏற்றினாலோ, நடவு ஆட்களை ஏற்றினாலோ, விபத்து நேரத்தில் இழப்பீட்டுக்குச் சிக்கல் வரும். ஒரு குடும்பத்தின் நிலமே அதில் போய்விடலாம்.

அச்சு வளைவு, சேஸில் ஒட்டு வெல்டிங், கமான் பட்டாவில் விரிசல், கொக்கி வளையத் தேய்மானம் ஆகிய நான்கையும் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பின்பக்கம் சிவப்பு ஒளிரும் பட்டை இரண்டு ஓரத்திலும் ஒட்ட வேண்டும். இரவில் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் வேகமாக வரும் கார்க்காரருக்கு விளக்கில்லாத டிரெய்லர் கடைசி நொடியில்தான் தெரியும்.

வாங்குவதா, வாடகையா?

ஆண்டில் எத்தனை நாள் டிரெய்லர் ஓடும் என்று ஒரு தாளில் எழுதிப் பார்க்கலாம். சொர்ணவாரி, சம்பா, நவரை அறுவடை நாட்கள், மணிலா அறுவடை, உரம் ஏற்றும் நாட்கள் எல்லாம் சேர்ந்து எத்தனை நாள்? அதை ஒரு நாள் வாடகையால் பெருக்கினால் ஆண்டுச் செலவு தெரியும். வாங்கும் விலையை அதனால் வகுத்தால் எத்தனை ஆண்டில் முதல் திரும்பும் என்பது வரும். டயர், இன்ஷூரன்ஸ் செலவையும் மறக்கக் கூடாது. ஏழு எட்டு ஆண்டுக்கு மேல் போனால் வாடகையே மேல். வைக்கோலை வயலிலேயே வியாபாரியிடம் விற்பவருக்குப் பெரும்பாலும் சொந்த டிரெய்லர் தேவைப்படாது. நான்கைந்து மாடு வைத்து வைக்கோலை வீட்டுக்குக் கொண்டு வருபவருக்குத் தேவைப்படும்.

மயிலம் வாசகருக்கு: மூட்டைக்கும் பயன்படும் என்பதால் 12க்கு 6 அடி, இரண்டு சக்கரம், மடக்குக் கதவு, பிரேக் உள்ள தட்டை டிரெய்லர் பொருத்தமானது. பிரேக் வைக்கப் பணம் போதவில்லை என்றால் 10 அடியில் வாங்கி, சுமையை 1 டன்னோடு நிறுத்தி, ஒரு நடைக்கு இரண்டு நடையாக ஓட்டலாம். கூடுதல் நடைக்கு ஆவது டீசல் செலவு மட்டும்தான்.