அனுபவம் மட்டும் போதாது

“வருடக்கணக்காக நீதிமன்றப் படியேறிய சட்டத்தரணிக்குத் தொடர் பயிற்சி எதற்கு? அனுபவமே ஆசான்” என்கிறார் நண்பர். எங்கள் ஊரான தோப்பூரில் இருந்து பார்த்தால் இது ஆபத்தான வாதம்.

2006இல் மூதூர்ச் சண்டையின்போது உடுத்த உடுப்போடு ஓடியவர்கள் நாங்கள். திரும்பி வந்தபோது சிலருடைய வளவுக்குள் வேறொருவர் வேலி. பத்து வருடம் எதிரிடையாக ஆண்டவருக்கே காணி என்பது 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம். அதைத் தளர்த்தி 2016இல் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. ஆயுதக் குழுக்களின் செயலால் வழக்காட முடியாமற்போனவர்களுக்கு 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலம் கணக்கில் சேராது என்றது. ஆனால் வழக்குப் போட அது கொடுத்த அவகாசம் இரண்டே வருடம்.

அந்த அவகாசத்துக்குள்தான் என் உறவினர் ஒருவர், கறையான் அரித்த உறுதியைப் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு, முப்பது வருட அனுபவசாலி ஒருவரிடம் போனார். “காலம் கடந்துபோச்சு” என்று திருப்பி அனுப்பிவிட்டார். பழைய சட்டம் அவருக்கு மனப்பாடம். புதியதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. காணி போனது போனதுதான்.

வகுப்புகள் கொழும்பில், தூரம் என்கிறாரே நண்பர், அது நியாயம். அதற்காகப் பயிற்சியே வேண்டாம் என்பதா? சிங்கப்பூர் 2012இலேயே கட்டாயமாக்கத் தொடங்கிவிட்டது. சட்டத்தரணிகள் சங்கத்தாரே, மூதூருக்கு வாருங்கள், தமிழில் நடத்துங்கள்.